‘தவறு’ என்னும் சொல்லை ஆள்வது எப்படி? புதிதாக எழுத வருவோருக்கு ஒரு வழிகாட்டி

புகார்க் கடிதம், அலுவலக அறிக்கை, செய்தி, மொழிபெயர்ப்பு ஆகியவற்றுள் எதை எழுதத் தொடங்கினாலும் ‘தவறு’ என்ற சொல் விரைவில் குறுக்கிடும். எல்லோரும் அறிந்த சொல் என்பதால் அதற்காக அகராதியைப் புரட்ட யாரும் மெனக்கெடுவதில்லை. ஆனால் ஒருவர் செய்யக்கூடாததைச் செய்தார் என்பதையும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டார் என்பதையும் இந்த ஒரே சொல் சுமக்கிறது. இரண்டில் எதை எழுதுபவர் கருதுகிறார் என்பதை, அதை ஒட்டி நிற்கும் வேற்றுமை உருபும் வினையெச்சமும் துணைவினையும்தான் காட்ட வேண்டியிருக்கிறது. அவற்றைக் கவனிக்காமல் எழுதப்பட்ட புகார், படிப்பவருக்கு எழுதியவரின் கோபத்தை மட்டும் தெரிவிக்கும். நடந்தது என்ன என்பதைத் தெரிவிக்காது. கீழ்க்காணும் படிகளை வரிசையாகப் பின்பற்றினால் அந்தக் குழப்பத்தைப் பெருமளவு தவிர்க்கலாம்.

படி 1: அடிப்பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள்

‘தவறு’ என்பதை முதலில் வினைச்சொல்லாகப் பாருங்கள். குறி தவறியது, கால் தவறியது, வழி தவறியது, கை தவறி விழுந்தது என்னும் தொடர்களில் எந்த நீதித் தீர்ப்பும் இல்லை. சேர வேண்டிய இடத்தில் ஒன்று சேரவில்லை என்பது மட்டுமே இருக்கிறது. இந்த ‘சேராமல் போதல்’ என்னும் பொருளிலிருந்துதான் ஒழுக்கம் சார்ந்த பொருள் கிளைக்கிறது.

இது இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் உரிய இயல்பு அல்ல. ‘பிழை’ என்பதும் பழந்தமிழில் குறி தப்புதலைக் குறித்தது. ‘கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது’ என்னும் குறளில் (772) யானையைத் தாக்காமல் போன வேலே ‘பிழைத்த வேல்’ எனப்படுகிறது. ‘தப்பு’ என்பதிலும் அதே கதைதான். ‘குறி தப்பியது’ என்று இன்றும் சொல்கிறோம். ‘வழு’ என்பதன் அருகில் வழுவுதலும் வழுக்குதலும் நிற்கின்றன. ‘இழுக்கு’ என்பதன் அருகில், வழுக்கும் சேற்று நிலத்தைக் குறித்த ‘இழுக்கல்’ நிற்கிறது. குற்றத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களில் பலவும், நேராகச் செல்ல வேண்டிய ஒன்று விலகிப் போனதைக் குறிக்கும் வினைகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் படிகள் எளிதாகிவிடும்.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. அம்பு குறியைத் தப்பினால் எய்தவருக்கு அது தோல்வி. குறியாக இருந்தவருக்கு வாழ்வு. ஆகவே தப்பு, பிழை ஆகிய இரண்டும் ‘உயிர் தப்பினார்’, ‘உயிர் பிழைத்தார்’ என எதிர்த்திசையிலும் வளர்ந்துவிட்டன. இன்றைய உரைநடையில் ‘அவர் பிழைத்தார்’ என்று எழுதினால் அவர் குற்றம் செய்தார் என்று யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள். சாவிலிருந்து மீண்டார் என்றே கொள்வார்கள். பழைய இலக்கியத்தைப் படித்துவிட்டு அதே நடையில் எழுத முயல்வோர் இந்த இடத்தில் சறுக்குவதுண்டு. ‘தவறு’ அந்தத் திசையில் வளரவில்லை. மாறாக, ‘பெரியவர் நேற்று இரவு தவறிவிட்டார்’ என்பது பல இடங்களில் இறப்பைக் குறிக்கும் மங்கல வழக்கு. ஆகவே எதில் தவறினார் என்று சொல்லாமல் ‘தவறிவிட்டார்’ என்று வாக்கியத்தை முடிக்காதீர்கள்.

படி 2: செய்ததா, செய்யாததா என்று முடிவு செய்யுங்கள்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். ‘செய்தக்க அல்ல செயக்கெடும் செய்தக்க செய்யாமை யானுங் கெடும்’ என்னும் குறள் (466) இரண்டையும் அருகருகே வைத்துப் பிரித்துக் காட்டுகிறது: செய்யத் தகாததைச் செய்தாலும் கேடு, செய்யத் தக்கதைச் செய்யாவிட்டாலும் கேடு. எழுதத் தொடங்கும் முன், நீங்கள் சொல்ல வந்தது முதல் வகையா, இரண்டாம் வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகே வாக்கிய அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

செயல் நடந்திருந்தால் ‘தவறு’ பெயர்ச்சொல்லாக நிற்கும். அதன் பின் செய், இழை, புரி போன்ற வினை வரும். ‘கணக்காளர் தவறு செய்தார்’, ‘அதிகாரி தவறு இழைத்தார்’ என்பன இவ்வகையின. இவற்றுள் ‘செய்’ பொதுவானது. ‘இழை’ என்றால் பிறருக்குத் தீங்கு விளைந்தது என்னும் குறிப்பு சேர்ந்துவிடும். ஆகவே கூட்டலில் ஓர் இலக்கம் மாறியதற்கெல்லாம் ‘தவறிழைத்தார்’ என்று எழுதுவது மிகை.

செயல் நடக்காமல் விடப்பட்டிருந்தால் ‘தவறு’ வினையாக நிற்கும். அதன் முன் ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சமோ, கடமையைக் குறிக்கும் பெயரோ வரும். ‘உரிய நேரத்தில் தெரிவிக்கத் தவறினார்’, ‘கடனைச் செலுத்தத் தவறியவர்’, ‘கடமை தவறினார்’, ‘வாக்குத் தவறினார்’, ‘நெறி தவறினார்’, ‘தவணை தவறியது’ ஆகியவற்றைப் பாருங்கள். இவற்றில் ஏற்கெனவே ஒரு கடமையோ வாக்குறுதியோ வரம்போ இருந்தது என்பது உள்ளடங்கியிருக்கிறது.

இரண்டையும் ஒரே துறையில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். இரவுப் பணிக்கு வர வேண்டிய காவலாளி வரவே இல்லை என்றால் அவர் கடமை தவறினார். அவர் வந்தார், ஆனால் வருகைப் பதிவேட்டில் வேறு நேரத்தை எழுதினார் என்றால் பணியில் தவறு செய்தார். முதலாமவரைப் பற்றி ‘பணியில் தவறு செய்தார்’ என்று எழுதினால், அவர் பணியில் இருந்தார் என்ற பொய்யான செய்தியை நீங்களே படிப்பவருக்குக் கொடுத்துவிடுகிறீர்கள்.

ஒரே நிகழ்வை இரு வகையாகவும் சொல்ல முடியும் இடங்களும் உண்டு. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன், ஆராயாமல் கோவலனைக் கொல்வித்தவன். அது அவன் ஆணையால் நடந்த செயல். ஆனால் அவன் தன்னைப் பற்றிச் சொல்வது ‘மன்பதை காக்கும் தென்புலம் காவல் என்முதல் பிழைத்தது’ என்பது. மக்களைக் காக்கும் கடமை தன்னால் தவறிப்போனது என்று அவன் அதை அளக்கிறான். அடுத்த சொற்களே ‘கெடுகவென் ஆயுள்’ என்பவை. செய்த தீமையைக் காட்டிலும் தவறிய கடமை பெரிதாகத் தெரிய வேண்டிய இடத்தில் இந்த வழியைப் பின்பற்றலாம். ஆனால் அதைத் தெரிந்தே செய்ய வேண்டும்.

இன்னோர் எச்சரிக்கை இந்தப் படிக்கே உரியது. ‘அணி வெற்றி பெறத் தவறியது’, ‘இயந்திரம் இயங்கத் தவறியது’, ‘மருந்து பலனளிக்கத் தவறியது’ என்று இப்போது நிறைய எழுதப்படுகிறது. வெற்றி பெறுவது அணியின் விருப்பம், அதற்கு யாரும் ஆணையிட்டுவிடவில்லை. இயந்திரத்துக்கோ கடமை உணர்வு கிடையாது. இவை மொழிபெயர்ப்பு வழியாக நுழைந்த வாக்கியங்கள். ‘அணி வெற்றி பெறவில்லை’, ‘இயந்திரம் இயங்கவில்லை’, ‘மருந்து பலனளிக்கவில்லை’ என்பவையே போதும். மழையைப் பற்றி எழுதும்போது ‘பெய்யத் தவறியது’ என்பதைவிட ‘பொய்த்தது’ என்னும் சொல் எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதையும் பாருங்கள். ‘செய்யத் தவறினார்’ என்பதைக் கடமை உள்ள இடத்துக்கென்றே ஒதுக்கி வைத்தால், அதைப் பயன்படுத்தும் இடத்தில் அதற்குரிய கனம் கிடைக்கும்.

படி 3: செய்தவரை வாக்கியத்துக்குள் கொண்டுவாருங்கள்

‘தவறு நேர்ந்துவிட்டது’, ‘தவறு நடந்துள்ளது’, ‘தவறு ஏற்பட்டிருக்கிறது’ ஆகிய மூன்றிலும் தவறு தானாக வந்து சேர்ந்ததுபோல் நிற்கிறது. செய்தவர் வாக்கியத்தில் இல்லை. அலுவலகக் கடிதங்களில் இந்த அமைப்பு பெருகியிருப்பதற்குக் காரணம் தேடிக் களைப்படைய வேண்டியதில்லை. யார் செய்தார் என்பது உண்மையிலேயே தெரியாதபோது இது பொருத்தமானது; தெரிந்திருந்தும் இப்படி எழுதினால் அது மறைப்பு. மன்னிப்புக் கடிதத்தில் இதன் விளைவு இன்னும் மோசமாக இருக்கும். ‘தவறு நேர்ந்திருப்பின் பொறுத்தருள வேண்டுகிறோம்’ என்னும் வாக்கியத்தில் தவறு செய்தவரும் இல்லை, தவறு நடந்தது என்ற ஒப்புதலும் இல்லை. நிபந்தனை மட்டுமே இருக்கிறது. விழா அழைப்பிதழிலும் நன்றியுரையிலும் அது பணிவாக ஒலிக்கும். பாதிக்கப்பட்டவருக்கு எழுதும் கடிதத்தில் அது அவரை மேலும் புண்படுத்தும். அங்கே ‘உங்கள் விண்ணப்பத்தை உரிய நாளுக்குள் அனுப்ப நாங்கள் தவறிவிட்டோம்’ என்று எழுவாயோடு எழுதுங்கள்.

படி 4: மனநிலையைக் குறிக்கும் சொல்லை அளந்து போடுங்கள்

‘தவறாக’ என்பதும் ‘தவறுதலாக’ என்பதும் ஒன்றல்ல. ‘தவறாக எழுதினார்’ என்றால் எழுதியது சரியில்லை. அவர் தெரிந்து செய்தாரா என்பதைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் சொல்லவில்லை. ‘தவறுதலாக எழுதிவிட்டார்’ என்றால் உள்நோக்கம் இல்லை என்று நீங்களே சான்றிதழ் கொடுத்துவிட்டீர்கள். புகார் எழுதுபவர் ‘அவர் தவறுதலாக என் பெயரை நீக்கிவிட்டார்’ என்று எழுதிவிட்டு, பிறகு அது திட்டமிட்ட செயல் என்று வாதிட்டால் எடுபடாது. மேலும், ‘தவறாக நடந்துகொண்டார்’ என்னும் தொடருக்குச் செய்தி வழக்கில் பாலியல் அத்துமீறல் என்னும் இடக்கரடக்கல் பொருள் படிந்துவிட்டது. ஒருவர் வரிசையில் முந்திச் சென்றதையோ உரத்த குரலில் பேசியதையோ அப்படி எழுதினால், அவர் மீது செய்யாத குற்றத்தைச் சுமத்தியதாகும். ‘மரியாதையின்றி நடந்துகொண்டார்’ என்றோ, அவர் செய்ததை அப்படியேயோ எழுதிவிடுங்கள்.

கடமையைச் செய்யாமல் விட்டவரின் மனநிலையைச் சொல்லத் தமிழில் வரிசையாகச் சொற்கள் இருக்கின்றன. ‘கவனக்குறைவு’ மிக மென்மையானது: மனம் அங்கே இல்லை, அவ்வளவுதான். ‘மெத்தனம்’ என்பது வேகமும் அக்கறையும் குறைந்த நிலை. வேலை நடக்கிறது, ஆனால் நடக்க வேண்டியபடி நடக்கவில்லை. ‘அலட்சியம்’ என்றால் ஆபத்தோ பொறுப்போ தெரிந்திருந்தும் பொருட்படுத்தவில்லை. ‘பாராமுகம்’ என்பது பார்த்தும் பார்க்காததுபோல் இருத்தல். உதவி கேட்டு ஒருவர் எதிரில் நிற்கிறார் என்பதை அது உணர்த்தும். ‘புறக்கணிப்பு’ முடிவெடுத்து ஒதுக்கியது. காவல்துறை ஆவணங்களில் காணப்படும் ‘அஜாக்கிரதை’ பெரும்பாலும் வாகனம் ஓட்டுதல் போன்ற விபத்துச் சூழல்களுக்கு உரியதாகிவிட்டது. வேறிடங்களில் அதைப் பயன்படுத்தினால் முதல் தகவல் அறிக்கையின் வாடை வீசும். பழைய சொல் ஒன்றும் உண்டு: ‘பொச்சாப்பு’. திருக்குறளில் இதற்கென்றே ‘பொச்சாவாமை’ என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. மகிழ்ச்சி மிகுதியால் கடமையை மறந்துபோகும் நிலை அது. இன்றைய கடிதத்தில் இந்தச் சொல்லைப் போட்டால் பெறுபவருக்கு உரை தேவைப்படும் என்றாலும், வெற்றிக்குப் பின் வரும் அசட்டைக்குத் தனிப்பெயர் வைத்த மொழி இது என்பதை அறிந்திருப்பது நல்லது.

இச்சொற்களுள் எதைப் போடுவது என்று ஐயம் வந்தால் மென்மையானதைப் போடுங்கள். அலட்சியம் என்று எழுதியவர், எதிர்த்தரப்புக்கு முன்கூட்டியே தெரியும் என்பதைக் காட்ட வேண்டிய பொறுப்பையும் ஏற்கிறார்.

படி 5: எடையைச் சரிபாருங்கள்

பிழை, தவறு, தப்பு, முறைகேடு, குற்றம் ஆகியவை ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்பவை அல்ல. எழுத்து, கணக்கு, அச்சு ஆகியவற்றில் நேர்வது பிழை: எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை, அச்சுப்பிழை. இலங்கைத் தமிழர் பேச்சில் ‘அது பிழை’ என்பது ஒழுக்கம் சார்ந்த கண்டனமாகவும் இயல்பாக வரும். தமிழ்நாட்டுப் பேச்சில் அந்த இடத்தில் ‘தப்பு’ நிற்கும். தப்பு என்பதை முறையான எழுத்தில் தவிர்ப்பது வழக்கம். விதிமுறை மீறப்பட்டு, அதிலும் பணமோ தேர்வோ நியமனமோ சம்பந்தப்பட்டிருந்தால் ‘முறைகேடு’ என்பதே ஏற்ற சொல்.

‘குற்றம்’ என்பதைச் சட்டம் தடைசெய்த செயலுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வழக்கில் அது இவ்வளவு கனமான சொல் அல்ல. நன்னூல் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பட்டியலிடும்போது கூறியது கூறல், மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல் போன்றவற்றையே சொல்கிறது, இவற்றுக்காக யாரையும் சிறையில் அடைக்க முடியாது. (அடைக்கலாம் என்று விதி இருந்தால் எழுதுவோர் பலர் வெளியே இருக்க மாட்டார்கள்.) இலக்கணத்தில் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு ஆகியவற்றில் நேரும் மயக்கத்துக்கு ‘வழு’ என்ற தனிச்சொல் இருப்பதால், மொழி பற்றிய கட்டுரையில் அதையே ஆளலாம்.

இந்தப் படியில் மீறக் கூடாத விதி ஒன்றே ஒன்று. நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை ஒருவர் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’. தீர்ப்பில் குற்றம் உறுதியான பிறகே ‘குற்றவாளி’. நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்று குறிப்பிடும் வழக்கமும் உண்டு. அந்த ஆவணத்தைப் பார்த்துச் செய்தி எழுதுபவர், அதைப் பகைவர் என்னும் பொருளில் எடுத்துக்கொண்டு ‘இருவருக்கும் முன்விரோதம் இருந்தது’ என்று ஒரு வரியைச் சேர்த்துவிடக் கூடாது.

படி 6: வடிவங்களைத் திருத்துங்கள்

‘தவறு’ உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். ஆகவே வேற்றுமை உருபு சேரும்போது வயிறு ‘வயிற்றை’ என்றும் கிணறு ‘கிணற்றை’ என்றும் ஆவதுபோல், தவறு ‘தவற்றை’, ‘தவற்றால்’, ‘தவற்றுக்கு’, ‘தவற்றின்’ என்று ஆக வேண்டும். ‘தவறை’ என்பது பேச்சிலும் நாளிதழ்களிலும் பரவிவிட்டது. முறையான எழுத்தில் ‘தவற்றை’ என்று எழுதுவதே சரி. ஆனால் இந்த விதியைக் கற்ற உற்சாகத்தில் ‘தவற்றில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். அங்கே வருவது வேற்றுமை உருபு அல்ல, ‘இல்லை’ என்னும் சொல்; எனவே ‘தவறில்லை’. பன்மையில் ‘தவறுகளை’ என்பதில் மாற்றமில்லை. வினையாக வரும்போதும் ‘தவறி’, ‘தவறிய’ என்றே நிற்கும்.

ஒற்று மிகும் இடங்கள்: ‘செய்யத் தவறினார்’, ‘தவறாகப் புரிந்துகொண்டார்’, ‘தவறுதலாகச் சேர்த்தார்’. மிகாத இடங்கள்: ‘தவறு செய்தார்’, ‘தவறான கருத்து’, ‘தவறாமல் செலுத்தினார்’.

‘தவறாமல்’ என்பதும் ‘தவறின்றி’ என்பதும் படிவங்களில் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன. ‘எல்லாக் கட்டங்களையும் தவறாமல் நிரப்பவும்’ என்றால் எதையும் விட்டுவிடாதீர்கள் என்று பொருள். ‘தவறின்றி நிரப்பவும்’ என்றால் நிரப்புவது சரியாக இருக்கட்டும் என்று பொருள். விடுபடாமலும் சரியாகவும் நிரப்ப வேண்டும் என்றால் இரண்டையும் எழுத வேண்டியதுதான். அறிவிப்புகளின் இறுதியில் வரும் ‘தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்பதில் உள்ள ‘தவறினால்’, மேலே சொன்னதைச் செய்யாவிட்டால் என்று மட்டுமே பொருள்படும். ஆகவே அதற்கு முன் ஒரே ஒரு தெளிவான கட்டளை இருக்க வேண்டும். ஐந்து கட்டளைகளை அடுக்கிவிட்டு ‘தவறினால்’ என்று எழுதினால், எதில் தவறினால் என்ற கேள்வி எழும்.

படி 7: ஒரு வரைவை எடுத்துத் திருத்திப் பாருங்கள்

பயிற்சிக்கு இந்தப் புகாரை எடுத்துக்கொள்வோம்: ‘விடுதி நிர்வாகம் தண்ணீர் விஷயத்தில் தவறு செய்துள்ளது. பல முறை சொல்லியும் தவறைத் திருத்தத் தவறிவிட்டது. இது பெரிய குற்றம்.’ மூன்று வாக்கியங்களிலும் கோபம் இருக்கிறது. நடவடிக்கை எடுக்கக்கூடிய செய்தி ஒன்றுகூட இல்லை. எழுதியவரிடம் இரண்டாம் படியின் கேள்வியைக் கேட்டால் செய்தி வெளிவரும்: மாதந்தோறும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டும் என்பது விதி, மூன்று மாதங்களாகக் கழுவவில்லை, இரண்டு முறை எழுத்து மூலம் தெரிவித்தும் பதில் இல்லை, ஆனால் பதிவேட்டில் கழுவியதாகக் குறிப்பு இருக்கிறது. இப்போது இப்படி எழுதலாம்:

‘மாதந்தோறும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டிய விடுதி நிர்வாகம், கடந்த மூன்று மாதங்களாக அதைச் செய்யத் தவறியுள்ளது. இது குறித்து இரண்டு முறை எழுத்து மூலம் தெரிவித்தும் நிர்வாகம் பதில் அளிக்கவில்லை. கழுவாத மாதங்களுக்கும் தொட்டி கழுவப்பட்டதாகப் பதிவேட்டில் குறிக்கப்பட்டுள்ளது.’

முதல் வாக்கியம் செய்யாமல் விட்டதைச் சொல்கிறது. கடமை எது என்பதும் அதிலேயே இருக்கிறது. இரண்டாவதில் ‘பதில் அளிக்கத் தவறியது’ என்று எழுதவில்லை. பதில் அளிக்கக் காலவரையறை உண்டு என்று காட்ட முடிந்தால் அப்படி மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவது, செய்யக்கூடாததைச் செய்தது. உண்மையில் மூன்றிலும் கனமானது இதுவே. அதைக் ‘குற்றம்’ என்றோ ‘முறைகேடு’ என்றோ புகார் எழுதுபவர் பெயரிடத் தேவையில்லை, படிக்கும் அதிகாரி தாமே அதற்குப் பெயரிடுவார். அதில் செயப்பாட்டுவினை நிற்பது மூன்றாம் படிக்கு முரண் அல்ல: பதிவேட்டில் எழுதியவர் யார் என்பது புகார் கொடுப்பவருக்குத் தெரியாது. கையெழுத்து இருந்து, அது யாருடையது என்பதும் தெரிந்தால், அந்தப் பொறுப்பாளரின் பதவியை எழுவாயாக்கி ‘குறித்துள்ளார்’ என்று வாக்கியத்தை மாற்றிவிடுங்கள்.